இனி எவருக்கும் எப்போதும் தேவைப்படாதவை

“ஒரு வருஷம் யாரும் தொடாத ஃபைல், இனி எவருக்கும் எப்போதும் தேவைப்படாது. எழுதி வெச்சுக்குங்க!”

லிஃப்ட் கம்பெனி ஒன்றின் மூன்றாவது மாடியில், நீள்மேசைக் கூட்டத்தில், நம் கதாநாயகர் எழுந்து நின்று சொன்ன வாக்கியம் இது. பெரிய மனிதர்கள் சொல்வதை உடனே குறித்துக்கொள்ளும் நல்ல பழக்கம் உள்ள ஒரு குமாஸ்தா, அதை அப்படியே கூட்டக் குறிப்பில் தட்டச்சு செய்து சேமித்தார். அந்தக் குறிப்பை அதற்கப்புறம் யாரும் திறக்கவில்லை. ஆகவே ஒரு வருஷம் கழிந்ததும், அந்த வாக்கியத்தின் சட்டப்படி, அந்த வாக்கியமே ஒதுக்கப்பட்டது. தான் பிறப்பித்த சட்டத்துக்குத் தானே கட்டுப்படும் தலைவர்கள் அபூர்வம் என்பதால், இந்த வாழ்க்கை வரலாற்றை எழுதத் துணிந்தேன்.

மகான்களின் வரலாற்றில் இளமைப் பருவம் என்று ஓர் அத்தியாயம் இருந்தாக வேண்டும். நம்மவருக்கும் இருந்தது. பள்ளியில் படிக்கும்போது, நடத்தி முடித்த பாடங்களைப் புத்தகத்திலிருந்து கிழித்துவிடுவாராம். பை லேசாக இருக்கும், மனசும் லேசாக இருக்கும். ஆண்டுத் தேர்வு வந்தபோது அவர் புத்தகத்தில் அட்டை மட்டும் மிஞ்சியிருந்தது. வேறு யாராவது என்றால் அத்துடன் திருந்தியிருப்பார்கள். இவரோ, “முடிஞ்ச பாடத்துல கேள்வி கேக்கறது வாத்தியார் தப்பு” என்று அப்பாவிடம் வாதாடினார். அப்பா வாதாடவில்லை, கையால் பதில் சொன்னார். உலகம் முதன்முதலாக அவரைப் புரிந்துகொள்ளாமல் போன தருணம் அது.

வளர்ந்து, கணினி படித்து, லிஃப்ட் கம்பெனியில் கிடங்குக்குப் பொறுப்பாளரானார். கிடங்கு என்றதும் மூட்டைகளைக் கற்பனை செய்ய வேண்டாம். எப்போதும் குளிரூட்டிய ஓர் அறை. அதில் ஆளுயர இரும்பு அலமாரிகள். அலமாரி முழுக்கப் பச்சை விளக்குகள் கண்சிமிட்டும் பெட்டிகள். கம்பெனி இதுவரை மாட்டிய ஒவ்வொரு லிஃப்டின் வரைபடமும், வயரிங் படமும், மெக்கானிக்குகள் எடுத்த வீடியோவும் அங்கேதான் குடியிருந்தன. கூடவே, யாரோ ஒருவருடைய குழந்தையின் பிறந்தநாள் படங்களும், ‘இறுதி’, ‘இறுதி புதிது’, ‘இறுதியிலும் இறுதி’ என்று பெயரிட்ட ஒரே கடிதத்தின் ஏழெட்டுப் பிரதிகளும் இருந்தன.

கிடங்கு ஒருநாள் நிரம்பி வழிந்தது. வரைபடக்காரர்கள் சேமிக்கப் போனால் ‘இடமில்லை’ என்றது. ஃபைல்களைத் திறந்தால், டீ குடித்துவிட்டு வந்த பிறகுதான் திறந்தது. மேனேஜர் கூட்டம் போட்டார். அந்தக் கூட்டத்தில்தான் நம்மவர் மேலே கண்ட பிரகடனத்தைச் செய்தார்.

செய்ததோடு நிற்கவில்லை, ஒரு ப்ரோகிராமும் எழுதினார். மாதத்துக்கு ஒருமுறை, ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை பார்த்து, அது தானாக எழுந்திருக்கும். கிடங்கின் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் நுழையும். ஒரு வருஷமாக யாரும் திறக்காத ஃபைல் கண்ணில் பட்டால், அந்த ஃபோல்டருக்குள்ளேயே இன்னொரு ஃபோல்டர் உண்டாக்கி, அதற்குள் தள்ளிவிடும். அப்படி ஒதுக்கியவற்றை எல்லாம் அள்ளி, பின்னால் ஒரு மலிவான, மெதுவான பெட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம். ‘பின்னால்’ என்ற அந்த நாள் மட்டும் வரவே இல்லை. ஆனால் ஃபோல்டர் என்னவோ வந்துவிட்டது. அதற்கு என்ன பெயர் வைப்பது?

மற்ற ஊழியர்களாக இருந்தால் ‘பழசு’ என்று வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். நம்மவருக்கு மொழிப்பற்று உண்டு. பெயரைப் படித்தாலே காரணமும் புரிய வேண்டும், தீர்ப்பும் புரிய வேண்டும், தேடி வந்தவன் மனம் சோர்ந்து திரும்பியும் போக வேண்டும் என்று நினைத்தார். இரண்டு நாள் யோசித்து, கூட்டத்தில் சொன்ன தன் வாக்கியத்தையே இலக்கண சுத்தமாக மடக்கி, ‘இனி எவருக்கும் எப்போதும் தேவைப்படாதவை’ என்று பெயர் சூட்டினார்.

அவ்வளவு நீளத்தை வாயால் சொல்ல யாருக்கும் மூச்சு போதவில்லை. ஆபீஸில் எல்லோரும் அதைப் ‘பரண்’ என்றார்கள். அவரைப் ‘பரண் சார்’ என்றார்கள். உயரத்தில் இருப்பவரை அப்படி அழைப்பது மரியாதைதானே என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பரணிலிருந்து எதையாவது எடுத்துத் தரச் சொல்லிப் போனால் விசாரணை நடக்கும்.

“ஏன் சார் இதை ஒரு வருஷமா திறக்கலை?”

“வேலை வரலை, திறக்கலை.”

“வேலை வரலைன்னா, தேவை இல்லைன்னுதானே அர்த்தம்?”

“இப்ப வந்திருக்கே, பரண் சார்!”

“இப்ப வந்தது இன்னிக்குத் தேவை. நான் பேசறது பொதுவா.”

இந்தப் பொதுவான பேச்சுக்குப் பயந்து, பலர் பழைய வரைபடத்தைக் கேட்காமல் புதிதாக வரைந்துகொண்டார்கள். பரணை யாரும் திறக்காததால், பரணில் இருப்பது யாருக்கும் வேண்டாம் என்பது மாதாமாதம் புள்ளிவிவரத்தோடு நிரூபணமாகிக்கொண்டே வந்தது.

மனித குலம் எதையும் சமாளிக்கும். வரைபடப் பிரிவின் தலைவியான மேடம்தான் முதலில் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தார். ஃபைலைப் படிக்க வேண்டாம், வேலை செய்ய வேண்டாம், திறந்து மூடினால் போதும்; ப்ரோகிராம் அதை இன்று பிறந்த குழந்தையாக எண்ணி ஒரு வருஷம் விட்டுவிடும். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதக் கடைசி வேலைநாளும் மதியத்துக்கு மேல், அந்த மாடியில் கிளிக் கிளிக் சத்தம்தான். எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து ஃபைல்களைத் திறந்து மூடுவார்கள். இதற்குத் ‘தொட்டு வைத்தல்’ என்று பெயர். “அந்தப் பஜார் லிஃப்டைத் தொட்டு வெச்சியா?” “ஐயோ, மறந்துட்டேன், இரு, தொட்டுடறேன்.” ஃபைல்கள் என்றும் இளமையாக இருந்தன. தொட்டவர்களுக்குத்தான் கண்ணாடி பவர் ஏறியது.

பரண் சார் இதைப் பார்த்து மனம் நொந்தார். “ஆபீஸா இது? ஃபைலைத் தடவித் தடவி வளர்க்கறீங்க! நான் ஒரு ஃபைலைத் தொட்டு வெச்சேன்னு எவனாவது கண்ணால பார்த்தா, அன்னிக்கு என்னையே தூக்கிப் பரண்ல போட்டுடுங்க” என்றார்.

மேடம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அவ்ளோ இடம் இருக்கா சார் அங்க?” என்று கேட்டார்.

வீட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் வரலாறு நிறைவு பெறாது. வீட்டிலும் அதே சட்டம்தான். ஆனால் வீடு சின்னது, இரண்டு அறை, ஏழாவது மாடி. ஆகவே ஒரு வருஷத்தை ஆறு மாசமாகக் குறைத்திருந்தார். ஆறு மாசம் கை படாத பொருள் எதுவானாலும், சமையலறைக்கு மேலே இருந்த சிமென்ட் பரணுக்குப் போய்விடும். விருந்தாளிக்கான தலையணை போனது. குடை போனது, மழைக்காலம் வந்தபோது அவர் நனைந்துகொண்டே ஆபீஸ் போய், “குடை பிடிக்கறது ஒரு கெட்ட பழக்கம்” என்றார். மழைக்காலமும் குளிர்காலமும் முழுக்கச் சும்மா நின்ற மேசை விசிறியும் போனது. ப்ரோகிராமுக்குப் பருவம் தெரியாது. அதை எழுதியவருக்கும் தெரியாது.

வெயில் வந்தது. அவர் மனைவி தையல்காரி. ஜன்னலோரம் மெஷினைப் போட்டு, நாள் முழுக்கத் தைக்கிறவர். வியர்வை துணியில் சொட்டுகிறதே என்று, கணவர் ஆபீஸ் போன நேரத்தில் ஏணி வைத்துப் பரணில் ஏறினார். விசிறி குடைக்குப் பின்னால், குடை தலையணைக்குப் பின்னால். இழுத்த இழுப்பில் தலையணை வந்தது, குடை வந்தது, விசிறி வரவில்லை, அம்மையார் வந்துவிட்டார். வலது கணுக்காலில் மாவுக்கட்டு.

“ஏங்க, அந்த விசிறி எதுக்குங்க மேல போச்சு?”

“ஆறு மாசம் நீ தொடலையேம்மா.”

“ஆறு மாசம் நீங்ககூடத்தான் ஒரு விளக்குமாத்தைத் தொடலை. உங்களை எங்க தூக்கிப் போடறது?”

பெரியவர்கள் சில கேள்விகளைக் காலத்தின் தீர்ப்புக்கு விட்டுவிடுவார்கள்.

மாவுக்கட்டு போட்டும் அம்மையார் ஓயவில்லை. மெஷினின் மோட்டார் பெடலை இடது காலுக்கு மாற்றிக்கொண்டு தைத்தார். காரணம் இருந்தது. பல வருஷம் ஜன்னலோரம் தைத்துத் தைத்து, கடைசியில் அதே கட்டடத்தின் தரைத்தளத்தில் தெருவைப் பார்த்த ஒரு சின்னக் கடையை எடுத்திருந்தார். பெயர்ப்பலகை மாட்டியாகிவிட்டது. இரண்டு புது மெஷின்கள் வந்து இறங்கிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை காலை திறப்பு. அடுத்த தெருப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அன்றைக்கு வந்து கடையைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்திருந்தால் அந்த வருஷத்துச் சீருடை முழுவதும் அம்மையாருக்கு. கடை பூட்டியிருந்தால், முனையில் இருக்கும் இன்னொரு தையல்காரருக்கு.

அதற்கு முந்தைய வியாழக்கிழமை லிஃப்ட் நின்றது.

அது சாதாரண லிஃப்ட் அல்ல. நம்மவருடைய கம்பெனியே இருபது வருஷத்துக்கு முன்னால் மாட்டிய லிஃப்ட். அன்றிலிருந்து ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை. வருஷாவருஷம் எண்ணெய் விடுவதோடு சரி, அதன் மூடியைக்கூட யாரும் கழற்றியது கிடையாது. வியாழக்கிழமை நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில், ஆள் யாரும் இல்லாமல், ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது.

கம்பெனியிலிருந்து மெக்கானிக் வந்தார். மொட்டை மாடியில் இருந்த மோட்டார் அறைக்கு ஏறினார். கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒயர்கள், ஒரே நிறத்தில், அவிழ்த்துவிட்ட நூல்கண்டு மாதிரி. கதவின் உள்பக்கம் வயரிங் படம் ஒட்டியிருந்தது. சூட்டிலும் ஈரத்திலும் வெளுத்து, கம்பெனியின் பெயர் மட்டும் பளிச்சென்று மிஞ்சியிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெக்கானிக் ஏழாவது மாடிக்கு வந்து நிலைமையைச் சொன்னார்.

“அக்கா, சாமான் எல்லாம் கையில இருக்கு. ஒரு ரிலே போயிருக்கு, மாத்தினா ஓடிடும். எந்த ஒயர் எங்க போகுதுன்னு படம் மட்டும் வேணும். அந்தக் காலத்துல ஒவ்வொரு லிஃப்டுக்கும் ஒவ்வொரு மாதிரி வயரிங். குத்துமதிப்பா இழுத்தேன்னா, லிஃப்ட் கீழ போகும், நான் மேல போயிடுவேன்.”

“படம் கிடைக்கலேன்னா?”

“புதுப் பெட்டிதான் வரவழைக்கணும். ஒன்றரை மாசம் ஆகும்.”

அம்மையார் சொன்னார்: “படம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.” பிறகு கணவரைப் பார்த்தார். மெக்கானிக்கும் பார்த்தார். பரண் சார் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஆபீஸ்ல எல்லாம் பத்திரமா இருக்கும்மா. நான் எதையும் அழிக்கறதில்லை. ஒதுக்கி வைக்கறதோட சரி” என்றார்.

“என் விசிறியும் பத்திரமாத்தான் இருந்துச்சு.”

பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். அம்மையாரை நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு படியிறங்கலாம் என்று யோசனை சொன்னார்கள். அம்மையார் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “என் கடையை நான் நடந்துபோய்த் திறப்பேன். இல்ல, திறக்கவே மாட்டேன். என்னைத் தூக்கி இறக்க நான் என்ன ஆறு மாசம் தொடாத சாமானா?”

நாலு பேரும் பரண் சாரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள்.

சனிக்கிழமை காலை, விடுமுறை நாளில், பரண் சார் ஆபீஸுக்குப் போனார். வரைபடப் பிரிவு மேடமும் வந்திருந்தார். மெக்கானிக் அவருக்கும் போன் செய்திருந்தார்.

“இந்த லிஃப்டைத் தொட்டு வைக்கலையா மேடம்?” என்று கேட்டார் பரண் சார். குரலில் குற்றச்சாட்டுகூட இருந்தது.

“எல்லாத்தையும் தொட எனக்கு என்ன ஆயிரம் கையா சார்? அடிக்கடி ரிப்பேர் ஆகிற லிஃப்ட் ஃபைலெல்லாம் தானாவே திறந்து திறந்து இளசா இருக்கு. உங்க லிஃப்ட் ஒழுங்கா ஓடிட்டிருந்துச்சு. ஒழுங்கா ஓடறதை யாரு திறந்து பார்ப்பாங்க? உங்க ப்ரோகிராம் கணக்குல, நல்லா வேலை செய்யறதுதான் முதல்ல செத்தது.”

இதற்கும் அவர் காலத்தின் தீர்ப்பையே நம்பியிருக்கலாம். ஆனால் காலம் ஞாயிற்றுக்கிழமை காலைவரைதான் இருந்தது.

கிடங்கைத் திறந்தார். தன் கட்டடத்தின் ஃபோல்டரைத் தேடிப் பிடித்தார். உள்ளே எதிர்பார்த்தபடியே ஒரே ஒரு ஃபோல்டர்: ‘இனி எவருக்கும் எப்போதும் தேவைப்படாதவை’. பெருமிதத்தோடு அதைத் திறந்தார்.

உள்ளே படம் இல்லை. ஒரு ஃபோல்டர் இருந்தது. பெயர்: ‘இனி எவருக்கும் எப்போதும் தேவைப்படாதவை’.

திறந்ததையே மறுபடி திறந்துவிட்டோமோ என்று நினைத்தார். இல்லை. அதைத் திறந்தார். உள்ளே ‘இனி எவருக்கும் எப்போதும் தேவைப்படாதவை’. அதற்குள் அதே. அதற்குள்ளும் அதே. வெங்காயம் உரிப்பதுபோல உரித்துக்கொண்டே போனார். கண்ணில் தண்ணீர் வராத குறை.

“என்ன சார், பரணுக்குள்ள பரணா?” என்றார் மேடம்.

அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. ப்ரோகிராமிடம் ‘எல்லா ஃபோல்டருக்குள்ளும் நுழை’ என்று சொல்லியிருந்தார். ‘இந்தப் பரணுக்குள் மட்டும் நுழையாதே’ என்ற ஒரு வரியை எழுதவில்லை. ப்ரோகிராம் விசுவாசமான வேலைக்காரன். அடுத்த மாதம் பரணுக்குள் நுழைந்தது. அங்கே ஒரு வருஷமாக யாரும் தொடாத ஃபைல்கள் குவிந்து கிடந்தன. சட்டம் சட்டம்தான். பரணுக்குள் ஒரு பரண் கட்டி உள்ளே தள்ளியது. அதற்கடுத்த மாதம் அதற்குள். இப்படி மாதாமாதம், வருஷக்கணக்காக, தள்ளியதையே தள்ளித் தள்ளிப் பாதாளம்வரை கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது.

“இது உங்களுக்குச் சொல்லவே இல்லையா?”

சொல்லியிருந்தது. ஒவ்வொரு மாதமும், ‘எச்சரிக்கை: முகவரி மிக நீளமாகிறது’ என்று ப்ரோகிராம் அவருக்கு ஒரு மெயில் அனுப்பியிருந்தது. ஆனால் அவர் தன் மெயிலுக்கும் ஒரு சட்டம் போட்டிருந்தார்; ஒரு வாரம் திறக்காத மெயில் தானாக ஒதுங்கிவிடும். எங்கே ஒதுங்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

இனி வரலாற்றின் போர்க்கள அத்தியாயம்.

ஒருவழியாக அடிமட்டத்தில் படம் இருப்பதைக் கண்டுபிடித்தார். பெயர் தெரிந்தது. திறக்கத்தான் முடியவில்லை. ஒரு ஃபைலின் முகவரி என்பது, அது எந்த ஃபோல்டருக்குள் எந்த ஃபோல்டருக்குள் இருக்கிறது என்ற பெயர்களின் வரிசை. அவருடைய இலக்கண சுத்தமான பெயர் அத்தனை முறை அடுக்கி வந்ததில், முகவரி ஒரு பக்கக் கட்டுரை அளவுக்கு ஆகியிருந்தது. வரைபடம் திறக்கும் மென்பொருள் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, ‘முகவரி மிக நீளம்’ என்று கையை விரித்தது. வெளியே இழுத்துப் போடலாம் என்றால் அதற்கும் அதே பதில்.

“இதை எல்லாம் வெளியே கொண்டுவர இன்னொரு ப்ரோகிராம் எழுதினா என்ன சார்?”

பரண் சார் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, “வேணாம் மேடம். முதல் ப்ரோகிராமே போதும். கையாலயே பண்ணிடறேன்” என்றார். அவர் வாயிலிருந்து ‘கையால’ என்ற சொல் வந்தது அந்த ஆபீஸில் அதுவே முதல்முறை.

வழி ஒன்றுதான். மேலிருந்து ஒவ்வொரு ஃபோல்டரின் பெயரையும் சுருக்கிக்கொண்டே இறங்க வேண்டும். முகவரி குட்டையாகும்.

பெயரைச் சுருக்குவது என்றால் அவருக்குத் தன் குழந்தையின் முடியை வெட்டுவது மாதிரி. முதலில் ‘இனி’யை மட்டும் எடுத்தார். ‘எவருக்கும் எப்போதும் தேவைப்படாதவை’. பரவாயில்லை, கருத்துக்குப் பழுதில்லை என்று சொல்லிக்கொண்டார். மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகச் சுருக்கிக்கொண்டு போய்ப் படத்தைச் சொடுக்கினார். ‘முகவரி மிக நீளம்.’

மறுபடி உச்சிக்கு வந்தார். ‘எவருக்கும்’ போனது. இறங்கினார். ‘முகவரி மிக நீளம்.’

மேடம் டீ வாங்கி வந்து வைத்தார். “இன்னும் கொஞ்சம் வெட்டுங்க சார்.”

‘எப்போதும்’ போனது. மிஞ்சியது ‘தேவைப்படாதவை’ மட்டும். கொள்கையின் எலும்புக்கூடு. அதை விடமாட்டேன் என்பதுபோலக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சொடுக்கினார். ‘முகவரி மிக நீளம்.’

போன் அடித்தது. மெக்கானிக்.

“சார், நான் மோட்டார் ரூம்லதான் இருக்கேன். படம் வந்துடுமா? நாளைக்குக் கடையைத் திறக்கறதா இருந்தா, அக்கா புதுப் பூட்டு வாங்கி வரச் சொல்லியிருக்காங்க. வாங்கட்டுமா, வேணாமான்னு உங்களைக் கேக்கச் சொன்னாங்க.”

பின்னணியில் அம்மையாரின் தையல் மெஷின் சத்தம் கேட்காதா என்று பரண் சார் காதைத் தீட்டினார். மோட்டார் அறையில் எப்படிக் கேட்கும்? ஆனாலும் கேட்டதாகப் பிற்பாடு மேடத்திடம் சொன்னாராம்.

“வாங்குப்பா” என்றார்.

போனை வைத்துவிட்டு உச்சிக்குப் போனார். ‘தேவைப்படாதவை’யின் கடைசியில் கர்சரை வைத்தார். பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். ‘தேவைப்படாத’. ‘தேவைப்பட’. விரல் ஒரு கணம் நின்றது. மேலும் அழித்தார்.

‘தேவை’.

மேடம் டீக் கோப்பையை எடுத்து, அதில் டீ இருக்கிறதா என்று ரொம்ப நேரம் பார்த்தார்.

பரண் சார் இறங்கினார். தேவைக்குள் தேவை, தேவைக்குள் தேவை. எத்தனை அடுக்கு என்று எண்ணுவதை எப்போதோ விட்டிருந்தார். அடிமட்டத்தில் சொடுக்கினார். திரை வெளுத்தது. பிறகு மெல்லிய நீலக் கோடுகள், ஒவ்வொன்றுக்கும் எண், ஒவ்வொரு ஒயருக்கும் பெயர், இருபது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் நிதானமாக வரைந்த படம், ஒரு கோடு கலையாமல் விரிந்தது.

சாயங்காலத்துக்குள் லிஃப்ட் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மையார், ஒரு கையில் ஊன்றுகோலும் இன்னொரு கையில் புதுப் பூட்டுச் சாவியுமாக, ஏழாவது மாடியில் லிஃப்டுக்குள் நுழைந்தார். கணவர் பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் மூன்றாவது மாடியைத் தாண்டும்போது கேட்டார்:

“படம் எங்கங்க இருந்துச்சு?”

“தேவைல இருந்துச்சு.”

“எதுல?”

“ஒண்ணுமில்ல. ஆபீஸ்ல ஒரு இடம்.”

தரைத்தளம் வந்தது. கதவு திறந்தது. அம்மையார் தன் காலால் நடந்துபோய்த் தன் கடையைத் திறந்தார். உள்ளே ஒரு மேசைமேல் மேசை விசிறி நின்றிருந்தது. முந்தின நாள் ஆபீஸிலிருந்து வந்ததும், யாரும் கேட்காமலே, ஒருவர் வீட்டுப் பரணில் ஏணி வைத்து ஏறியிருந்தார். தலைமையாசிரியை வந்தார். பார்த்தார். முதலில் விசிறிக்கு எதிரே உட்கார்ந்தார். பிறகு துணி பார்த்தார். பிறகு சீருடை பேசினார்கள்.

திங்கட்கிழமை ஆபீஸில் கிடங்கைத் திறந்தவர்கள் எல்லோரும் அந்தப் பெயரைப் பார்த்தார்கள். மற்ற ஃபோல்டர்களில் எல்லாம் பழைய நீளப் பெயரே இருக்க, ஒரே ஒரு கட்டடத்தில் மட்டும் ‘தேவை’ என்றிருந்தது. ப்ரோகிராமில் விட்டுப்போன அந்த ஒரு வரி மட்டும் அன்றே சேர்ந்துவிட்டது. கொள்கை மாறிவிட்டதா என்று மேனேஜர் கேட்டபோது, “கொள்கை அப்படியேதான் சார் இருக்கு. கொஞ்சம் சுருக்கியிருக்கேன்” என்று பதில் சொன்னார்.

மாதக் கடைசி வந்தது. மதியத்துக்கு மேல் வழக்கம்போல கிளிக் கிளிக் சத்தம் தொடங்கியது. மேடம் ஏதோ கேட்பதற்காகக் கிடங்குப் பக்கம் போனார். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, பச்சை விளக்குகளுக்கு நடுவில், பரண் சார் திரைக்கு முன்னால் குனிந்திருந்தார். திரையில் அந்த நீலக் கோட்டுப் படம் விரிந்தது. மூடியது.

“என்ன சார் பண்றீங்க?”

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

“சும்மா மேடம். தொட்டு வைக்கறேன்.”